டிஸ்டார்ஷன் டோன்: கெய்ன் குமிழுக்குக் கடைசியில் வாருங்கள்

ஆம்ப் சிம்மில் (கிட்டார் ஆம்ப்ளிஃபயரைப் போல ஒலிக்கும் கணினி மென்பொருள்) எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ராக் டோன் சரியாக வரவில்லை என்றால் கை முதலில் போவது, ஒலியைக் கிழிய வைக்கும் கெய்ன் குமிழுக்குத்தான். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே இருக்கும். மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம்.

உப்புக்காற்றில் முதலில் போவது கம்பி. மெல்லிய கம்பிகளில் விரல் படும் இடத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் துரு தொடங்கிவிட்டது. தடித்த சுற்றுக்கம்பிகளோ உப்பும் வியர்வையும் ஏறி மந்தமாகிவிடும். அதை ஈடுகட்ட, மேல் அதிர்வெண்களைக் கூட்டும் ட்ரெபிளையும் பிரசென்ஸையும் ஏற்றினால், கம்பியில் இல்லாத தெளிவு வராது, இரைச்சல்தான் ஏறும். மேற்பூச்சுள்ள கோட்டட் கம்பிக்கு விலை கூடுதல், ஆனால் கடற்கரையில் அந்தக் காசு வீண்போகாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். கிட்டார் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும். ஜாக் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை நாலைந்து தடவை செருகி எடுங்கள்.

அடுத்தது மின்சாரம். ட்ரையாக் உள்ள டிம்மர் வகை ஃபேன் ரெகுலேட்டர் மின்னலையை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த நறுக்கலை சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் ஒற்றைக் காந்தச்சுருள்) இரைச்சலாக அப்படியே வாங்கிக்கொள்ளும். ராமநாதபுரத்து வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. முழு வேகத்தில் வையுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்; கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாறினால் தொல்லையே இல்லை. கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப் பேட்டரியில் பதிவுசெய்யுங்கள்.

இனி மென்பொருள். கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ரூமென்ட்’ பொத்தான் அழுத்தியிருக்க வேண்டும். லைன் உள்ளீட்டில் செருகினால் பிக்கப்புக்குச் சுமை கூடி மேல் அதிர்வெண்கள் செத்துவிடும். ஆறாம் கம்பியை ஓங்கி அடிக்கும்போது மீட்டர் -12 டெசிபல் அருகே நிற்கட்டும். சிம்முக்குள் எவ்வளவு சிக்னல் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் அது கிழியும். அதனால்தான் அடுத்தவர் சேமித்த பிரீசெட் உங்களிடம் வேறு மாதிரி ஒலிக்கிறது.

ஆம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்: டிரைவ் 0, டோன் 5, லெவல் 8 அல்லது 9. டிரைவே இல்லாத பெடல் எதற்கு என்று கேட்கலாம். அது கீழ் அதிர்வெண்களைக் குறைத்து நடுப்பகுதியை முன்தள்ளுகிறது. பேஸ் அதிகமாக உள்ளே போய்க் கிழிந்தால் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி வாசிப்பது) ‘தொளதொள’வென்று ஆகும், பிறகு ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டினாலும் திரும்பாது. மார்ஷல் ஜேசிஎம் 800 ஆம்ப் மாடலில் தொடங்க: பேஸ் 4, மிட் 6, ட்ரெபிள் 5, பிரசென்ஸ் 4, கெய்ன் 5. வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் பெடலுக்கும் முன்னால். கையை எடுத்ததும் இரைச்சல் அடங்குகிற அளவுக்குத்தான் த்ரெஷோல்டை (கேட் மூடும் ஒலி அளவு) ஏற்ற வேண்டும், மிஞ்சினால் இழுத்த சுரம் பாதியில் அறுந்துபோகும்.

டோனைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கேபினெட் ஐஆர், அதாவது ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் சேர்ந்து ஒலிக்கும் விதத்தைப் பதிந்த கோப்பு. ஐஆர் இல்லாமல் கேட்டால் காதருகே கொசு. செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு முன் ஷ்யூர் எஸ்எம்57 வைத்து எடுத்த ஒன்றில் தொடங்குங்கள். மைக் ஸ்பீக்கரின் நடுவில் இருந்தால் கூர்மை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் விளிம்புப் பக்கம் நகர்ந்தாலே கனம் வரும். குமிழ்களோடு மல்லுக்கட்டுவதைவிட ஐஆரை மாற்றுவது எளிது. நிஜ ஆம்பின் ஒலியை நகலெடுக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் மென்பொருளில் பலர் சறுக்குவது இங்கேதான்: கேபினெட்டோடு சேர்த்தே எடுத்த கேப்சரின்மேல் (அந்த நகல்) இன்னொரு ஐஆர் ஏற்றிவிடுகிறார்கள். ஒலி போர்வைக்குள் போய்விடும்.

ஐஆருக்குப் பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். இன்னும் சீறினால் குறுகிய ஈக்யூ பட்டையை 3-லிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றி நகர்த்திப் பாருங்கள். மோசமாகக் குத்தும் இடத்தில் 3 டெசிபல் இறக்கினால் போதும்.

பஃபர் (கணினி ஒரு தடவைக்குக் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள். வெயிலில் லேப்டாப் சூடேறி ‘பட்பட்’ என்றால் 256.

ரிதமை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து இடதும் வலதுமாகப் பிரியுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்துப் போட்டால் மோனோதான். இரண்டு டேக் சேரும்போது அழுக்கும் இரட்டிக்கும் என்பதால், கெய்னை 5-லிருந்து 4-க்கு இறக்கிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.