என்ஜின்எக்ஸை மறுபடி நிறுவியும் பழைய கான்ஃபிக் வரவில்லையா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கடைக்குள்ளேயே ஒரு உபுண்டு (லினக்ஸ்) சர்வர் வைத்து பில்லிங்கும் இணையதளமும் ஓட்டுகிறவர்கள் உண்டு. ரெண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம். இணையதளத்தைப் பரிமாறும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் கான்ஃபிக்கை, அதாவது அமைப்புக் கோப்பை, சேமிக்கிற நொடியில் கரண்ட் போனால் கோப்பு பூஜ்ஜியம் பைட்டாகக் கிடக்கலாம். உடனே எல்லாரும் செய்வது, கெட்ட கோப்பை அழித்துவிட்டு 'ஏபிடி ரீஇன்ஸ்டால் என்ஜின்எக்ஸ்' அடிப்பது. ஒன்றும் திரும்பி வராது.

முதல் காரணம், தப்பான பேக்கேஜை மறுபடி நிறுவியது. உபுண்டுவில் என்ஜின்எக்ஸ்.கான்ஃப் கோப்புக்குச் சொந்தக்காரர் என்ஜின்எக்ஸ்-காமன் என்ற பேக்கேஜ். 'டிபிகேஜி -எஸ்' போட்டு (பெரிய எஸ்) கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் பெயரைச் சொல்லிவிடும். அடுத்தது, உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் அடிப்படைக் கருவியான டிபிகேஜியின் குணம். /இடிசி-யில் ஒரு கான்ஃபிக் கோப்பு இல்லையென்றால், நீங்கள் வேண்டுமென்றே அழித்தீர்கள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். ஃபெடோரா, ரெட் ஹாட் போன்ற ஆர்பிஎம் குடும்பம் இதில் நேர் எதிர்: கோப்பை நகர்த்திவிட்டு 'டிஎன்எஃப் ரீஇன்ஸ்டால்' கொடுத்தால் வந்துவிடும்.

முதலில் /இடிசி/என்ஜின்எக்ஸ் முழுவதையும் டார் போட்டு (ஒரே கோப்பாகக் கட்டி) வேறு இடத்தில் வையுங்கள். பிறகு 'டிபிகேஜி -வி என்ஜின்எக்ஸ்-காமன்' (இதுவும் பெரிய எழுத்து): மாறிய கோப்புக்கு 5 என்ற எண் வரும், காணாததற்கு 'மிஸ்ஸிங்' என்று வரும். மாறியதை எம்வி-யால் பெயர் மாற்றிவிட்டு இதைக் கொடுங்கள்:

சூடோ ஏபிடி -ஓ டிபிகேஜி::ஆப்ஷன்ஸ்::=--ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் என்ஜின்எக்ஸ்-காமன்

சைட்ஸ்-எனேபிள்ட் உள்ளே இருக்கும் 'டிஃபால்ட்' சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) மட்டும் இதில் வராது. புதிதாக நிறுவும்போதுதான் அது உருவாகும். 'எல்என் -எஸ்' போட்டுக் கையால் இணையுங்கள்.

பர்ஜ் அடித்துவிட்டு (கான்ஃபிக்கோடு சேர்த்து நீக்கிவிட்டு) நிறுவலாமே என்பவர்களுக்கு: என்ஜின்எக்ஸ்-காமனைப் பர்ஜ் செய்தால் /இடிசி/என்ஜின்எக்ஸோடு லாக்குகளும் போய்விடும். அந்த அடைவுக்குள் எஸ்எஸ்எல் சாவியை வைத்திருந்தால் அதற்கும் அதே கதிதான்.

இவ்வளவு செய்தும் சர்வீஸ் கிளம்பவில்லை என்றால் கோளாறு, சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி பக்கமும் இருக்கலாம். 'சிஸ்டம்சிடிஎல் கேட் என்ஜின்எக்ஸ்' பார்த்தால், யாரோ எப்போதோ எழுதிய ஓவர்ரைடு.கான்ஃப் (அசல் அமைப்பை மாற்றும் கோப்பு) இருந்தால் அடியில் தெரியும். வழக்கமான தப்பு, தொடக்கக் கட்டளையைச் சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட்= என்ற வரியைக் காலியாக ஒருமுறை எழுதாமல் புதிய எக்ஸெக்ஸ்டார்ட் சேர்ப்பது. ரெண்டு இருந்தால் சிஸ்டம்டி ஏற்காது. 'சிஸ்டம்சிடிஎல் ரிவர்ட் என்ஜின்எக்ஸ்' அந்த ஓவர்ரைடுகளை எல்லாம் கழற்றிவிடும், மாஸ்க் ஆகியிருந்தாலும் (தொடங்க முடியாதபடி பூட்டியிருந்தாலும்) அதை நீக்கும். அதற்குப் பின் 'டீமன்-ரீலோட்'. பலமுறை ஸ்டார்ட் அடித்து 'ஸ்டார்ட் லிமிட்' என்று முரண்டு பிடித்தால் 'ரீசெட்-ஃபெயில்ட்'. 'என்ஜின்எக்ஸ் -டி' பிழையில்லை என்று சொன்ன பிறகே ஸ்டார்ட்.

இப்போது 80ஆம் போர்ட் (எச்டிடிபி) பேசும், 443 (எச்டிடிபிஎஸ்) பேசாது. சான்றிதழ் வாங்கித் தரும் கருவியான செர்ட்பாட் எழுதிய வரிகளும் பழைய கான்ஃபிக்கோடு போய்விட்டன. பதறிப்போய்ப் புதுச் சான்றிதழ் வாங்காதீர்கள். அதே பெயர்களுக்கு, இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் 7 நாளில் 5-தான் தரும். பழைய சான்றிதழ் /இடிசி/லெட்ஸ்என்க்ரிப்ட் உள்ளே பத்திரமாக இருக்கிறது. டார் கோப்பிலிருந்து உங்கள் தளத்தின் சர்வர் பிளாக்கை (அந்தத் தளத்துக்கான அமைப்புப் பகுதியை) மட்டும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் 'என்ஜின்எக்ஸ் -டி' பார்த்து, ரீலோட் கொடுங்கள்.