650-க்குக் கீழே

மார்ச் 3, ஞாயிறு

என் பழைய டொயோட்டாவின் டீசல் இன்ஜினில் மாட்ட வாங்கிய பெட்டியை இன்றுதான் பிரித்தேன். டர்போ, இன்ஜின் புகையைச் சேர்த்து அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, எண்ணெய் போகும் குழாய், எண்ணெய் திரும்பும் குழாய், ஒரு பை நிறைய போல்ட்டும் வாஷரும். புகை ஒரு முனையில் டர்பைனைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் கம்ப்ரஸர் சக்கரத்தை விரல் நுனியால் சுண்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் மயிரிழை ஆடுகிறது. புஷ் பேரிங்கில் அது இருக்கத்தான் செய்யும். எண்ணெய் அழுத்தம் ஏறியதும் தண்டு நடுவில் மிதந்துவிடும். முன்னும் பின்னும் ஆடினால்தான் கவலை. ஆடவில்லை.

அண்ணன் அழைத்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "அப்பா நன்றாக இருக்கிறார்" என்றான்.

மார்ச் 4

அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 6, புதன்

அலுவலகத்தில் ஒருவர், கடையில் ஒருவர், எதிர்வீட்டுக் கிழவர், எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பாட்டு: என் வண்டியின் 1எச்இசட் இன்ஜினுக்கு டர்போ ஆகாது, சிலிண்டர்களை மூடும் ஹெட் வெடிக்கும், பிஸ்டன் உருகும். டர்போ இல்லாமல் பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடும் இன்ஜினை ஏன் தொடுகிறாய் என்று கிழவர் கேட்கிறார். ஓடும்தான். 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், சுமார் 130 குதிரைத்திறன். பின்னால் டிரெய்லரைக் கட்டி எதிர்க்காற்றில் இந்த அடிலெய்டிலிருந்து ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் அலிஸ் ஸ்பிரிங்ஸ்வரை 1,500 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் பேசட்டும்.

பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. டர்போ வேண்டும் என்று டொயோட்டா நினைத்தபோது இதே இன்ஜினில் அதை மாட்டி விற்கவில்லை. 1எச்டி-டி என்று தனியாக ஒன்றைச் செய்தார்கள். அதில் டீசல் நேரே பிஸ்டன் தலைமேல் பீய்ச்சப்படுகிறது. என்னுடையதில் டீசல் முதலில் ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் பற்றி, ஒரு குறுகிய வாய் வழியாகப் பிஸ்டன் மேல் பாய்கிறது. சூடு முழுவதும் அந்த வாயில்தான். விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

ஆனால் கொல்வது காற்று இல்லை, டீசல். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். டீசலில் நேர்மாறு, எரிபொருள் கூடினால்தான் ஏறும். 7, 8 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை மட்டும் கொடுத்துவிட்டு டீசல் பம்பைத் தொடாமல் விட்டால், முன்பைவிடக் குளிர்ச்சியாகக்கூட ஓடும். பம்பின் பின்புறம் இருக்கும், டீசல் அளவைக் கூட்டும் அந்த ஒரே ஒரு திருகுதான் விவகாரம். அதைத் திருகத்தான் எல்லோருக்கும் கை அரிக்கிறது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். குரல் கம்மியிருந்தது. "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, கம்ப்ரஷன் பார்த்தாயா?" என்றார்.

மார்ச் 8

பார்த்தேன். ஆறு சிலிண்டரின் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. டைமிங் பெல்ட், இன்ஜெக்டர் எல்லாம் போன குளிர்காலத்திலேயே மாற்றியாயிற்று. அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறார், பதில் இல்லை.

மார்ச் 9, சனி

பழைய மேனிஃபோல்டைக் கழற்றும் நாள். துருநீக்கி எண்ணெயை வியாழக்கிழமையே அடித்து ஊறவிட்டிருந்தேன். நட்டுகள் முனகிக்கொண்டே வந்தன. கடைசி ஸ்டட் மட்டும் ஸ்பேனருக்கு அசையவில்லை. கேஸ் டார்ச்சால் சுற்றிலும் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, இறுக்கும் பக்கம் ஒரு நூல், தளர்த்தும் பக்கம் ஒரு நூல். "டிக்" என்று ஒரு சத்தம். ஸ்டட் உடைந்த சத்தமா, துரு விட்ட சத்தமா என்று தெரியாமல் ஒரு கணம் கையை அப்படியே வைத்திருந்தேன். துருதான். 1994-இல் பூட்டியது.

கேஸ்கட் தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது.

மேனிஃபோல்டை மேசையில் வைத்து, டர்போவுக்கு முன்னால் சூட்டுமானிக்கு ஒரு துளை போட்டேன். பலர் டர்போவுக்குப் பின்னால் வைக்கிறார்கள். முனை முறிந்தாலும் டர்பைனுக்குள் போகாது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் புகை, இழுவையில் நூறு டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டும். பிஸ்டன் படும் சூடு எனக்குத் தெரிய வேண்டும், சைலன்சர் படும் சூடு இல்லை. வண்டியில் மாட்டிய பிறகு துளை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரும்புத்தூள் எங்கே போகும் என்று நினைக்கிறார்களோ.

மார்ச் 11, திங்கள்

குதிரைப் பந்தயத்துக்காக ஊருக்கே விடுமுறை. கிழவர் ரேடியோவைக் கொண்டுவந்து என் கொட்டகையில் வைத்துக்கொண்டார்.

டர்போவை மேனிஃபோல்டில் உட்கார வைத்தால் எண்ணெய் இறங்கும் வாய் சாய்வாக நிற்கிறது. நடு உடம்பின் வளையத்தைத் தளர்த்தி, ஓடுகளை அப்படியே வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் திருப்ப வேண்டும். திருப்பும்போது டர்பைன் இதழ் ஓட்டில் உரசினால் அத்தோடு முடிந்தது. திருப்பினேன். உரசவில்லை. இப்போது வாய் நேரே கீழே. ஆனால் பெட்டியில் வந்த குழாயின் நீளம் பொருந்தவில்லை. விற்றவர்களுக்கு எழுதினால், எல்லா வண்டிக்கும் இதே குழாய்தான் என்று பதில்.

கிழவர் போட்ட குதிரை கடைசி.

மார்ச் 12

திரும்பும் குழாய்.

மார்ச் 14, வியாழன்

இன்னும் திரும்பும் குழாய்தான். டர்போவுக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு போகிறது. வெளியே வரும்போது அதற்கு அழுத்தமே கிடையாது. நுரையோடு தன் எடையில் விழ வேண்டும். அதனால்தான் போகும் குழாய் சுண்டுவிரலைவிட மெலிது, வரும் குழாய் அவ்வளவு பருமன். செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. நடுவில் தொய்யக்கூடாது. இன்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே நுழைய வேண்டும். தேங்கினால் எண்ணெய் போக வழியில்லாமல் சீல் வழியாக டர்பைன் பக்கம் கசியும், நீலப் புகை வரும். நல்ல டர்போவைக் குற்றம் சொல்லி மாற்றுவார்கள், புதியதும் புகைக்கும்.

ரோட்டு வண்டிக்கு இவ்வளவு போதும். பக்கச்சரிவில் போகும் வண்டியில், மூக்கைத் தூக்கிக்கொண்டு மணல்மேடு ஏறும் வண்டியில், எண்ணெய் மட்டம் எந்தப் பக்கம் ஒதுங்கும்? முகப்பை ஜாக்கியில் தூக்கி, பிறகு இடதுபக்கம் தூக்கி, டார்ச் அடித்துக் கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு பதினொன்றரைக்கு மனைவி வந்து, ஜாக்கிக்குக் கீழே தலையை வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சம்ப்பில் துளையை இன்னும் மேலே போடப்போகிறேன். குழாயை ஹைட்ராலிக் கடையில் அளவு கொடுத்துச் செய்துகொள்வேன்.

காலையில் அப்பா அழைத்திருந்தார். முதல் கேள்வியே "குழாய் நேராக இறங்குகிறதா?" நடுநடுவே இருமல். அண்ணன் போனை வாங்கிக்கொண்டான்.

மார்ச் 17, ஞாயிறு

ஓடியது!

டீசல் பம்பின் சோலனாய்டு வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பற்றாமல் ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றினேன். திரும்பும் குழாயின் கீழ்முனை ஒரு பழைய டப்பாவில். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சொட்டு. பிறகு தேன் நிறத்தில் கம்பியாக. அதைப் பார்த்த பிறகுதான் வயரை மாட்டினேன். ஐடிலில் விட்டுவிட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தேன். மேனிஃபோல்டின் வண்ணம் கருகிய வாடை, வேறு ஒன்றும் இல்லை. ஆக்ஸிலரேட்டரைத் தொடவில்லை. கிழவர் தொடச் சொன்னார். மறுத்துவிட்டேன்.

வீடியோ எடுத்து அனுப்பினேன். அப்பா கட்டைவிரலை உயர்த்திய படம் அனுப்பினார்.

மார்ச் 19, செவ்வாய்

ரிப்போர்ட் வந்துவிட்டது. அண்ணன் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான், பாதி மங்கல். மங்காத பாதி போதுமாக இருக்கிறது.

மார்ச் 20

ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 23, சனி

தென்கிழக்கு ஃப்ரீவேயில் டோல்கேட்டிலிருந்து கிராஃபர்ஸ்வரை ஏற்றம். சோதனைக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. லாரிகள் இடது ஓரமாக ஊர்ந்துகொண்டிருக்கும், முன்பெல்லாம் நானும் அவர்களோடுதான். இன்று நான்காவது கியரிலேயே ஏறினேன். 1,800 சுற்றுக்கெல்லாம் காற்றழுத்த முள் எழுந்துவிடுகிறது, 7 பிஎஸ்ஐயில் மிகைப் புகையை ஒதுக்கிவிடும் வேஸ்ட்கேட் திறந்து அங்கேயே நிற்கிறது. பம்பு இன்னும் பழைய அளவில்தான். சூட்டுமானியில் 540 டிகிரி. ஹெய்சன் சுரங்கத்துக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த விசிலைக் கேட்டேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மேலே போய் நிறுத்தியதும், அழைக்கலாமா என்று மணி பார்த்தேன். அங்கே காலை ஆறு. அழைக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

திருகு. பூட்டு நட்டைத் தளர்த்தி உள்ளே கால் சுற்று. ஐடில் தானாக ஏறியது, அதைத் தனியாகக் குறைத்தேன். அதே ஏற்றம்: 630. இழுவை வேறு வண்டிபோல் இருக்கிறது. கண்ணாடியில் மெல்லிய சாம்பல் மூட்டம், கியர் மாற்றியதும் மறைகிறது.

இன்னொரு கால் சுற்று திருகினால் என்ன என்று கை போகிறது. இதுதான் அந்தத் திருகின் குணம்.

மாலை, கிழவரின் டிரெய்லரில் செங்கல் ஏற்றிக்கொண்டு மறுபடி. நான்காவதில் 690, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. காலை எடுத்து மூன்றாவதுக்கு இறக்கினேன். சுற்று கூடியது, காற்று கூடியது, சூடு 610-க்கு இறங்கியது. அதே மலை, அதே பாரம், வேகம்கூடப் பெரிதாகக் குறையவில்லை. அப்பா டர்போ இல்லாத காமெட் லாரியில் கொல்லிமலையின் எழுபது வளைவையும் எந்த மானியும் இல்லாமல் ஏறியிருக்கிறார். புகையின் நிறம், இன்ஜினின் குரல், அவ்வளவுதான். "வண்டி திணறும் முன்னால் கியரை இறக்கு, திணறிய பிறகு இறக்கினால் அது வைத்தியம்" என்பார்.

திருகை அரைக்கால் சுற்று வெளியே எடுத்துவிட்டேன். நீண்ட ஏற்றத்தில் 650-க்கு மேல் நிற்கக்கூடாது. இதுதான் என் கோடு.

மார்ச் 27

அண்ணன் தேதி சொன்னான். அலிஸில் மனைவி வேலையில் சேர வேண்டிய தேதியும் கிட்டத்தட்ட அதுதான். இருவரும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பேசவில்லை.

மார்ச் 29, புனித வெள்ளி

டர்போ வண்டிக்குப் பொறியாளர் சான்று வேண்டும். படிவம் நிரப்பினேன். மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம். "பாரம் இழுக்க."

ஏப்ரல் 1, திங்கள்

கூல்வா கடற்கரை. டயரில் 16 பிஎஸ்ஐ. ரோட்டில் தெரியாதது மணலில் தெரிகிறது: வேகம் இல்லை, ரேடியேட்டருக்குக் காற்று இல்லை, இன்ஜினுக்கு மட்டும் முழுப் பாரம். சூடு சாவகாசமாக ஏறிவிட்டு இறங்க மறுக்கிறது. 600-ஐத் தொட்டதும் நின்று, கடலைப் பார்த்து முகப்பைத் திருப்பி ஐடிலில் விட்டேன். டர்போவைச் சூட்டோடு அணைத்தால் உள்ளே நிற்கும் எண்ணெய் கருகிக் கரியாகும். அவசரக்காரர்களின் டர்போ எல்லாம் அப்படித்தான் போகிறது.

திரும்பும் வழியில் இளகிய மணலில் சுற்று ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கருகிய வாடை. க்ளட்ச். முப்பது வருடப் பழைய இழுவைக்கு அளவெடுத்த க்ளட்ச், இந்த இழுவையைத் தாங்காது என்பது எதிர்பார்த்ததுதான், இவ்வளவு சீக்கிரம் என்பதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 3

அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

ஏப்ரல் 5, வெள்ளி

அப்பா பேசக்கூடாதாம். எப்போதுவரை என்று அண்ணன் சொல்லவில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினான். அப்பாவின் கையெழுத்து, எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து:

"க்ளட்ச் தட்டு மட்டும் மாற்றாதே. ப்ரஷர் ப்ளேட்டும் சேர்த்து மாற்று. பேரிங்கும். ஒரு முறை கியர்பாக்ஸை இறக்குகிறவன் மூன்றையும் மாற்ற வேண்டும். குழாய் கசிகிறதா?"

கசியவில்லை. பெரிய எழுத்தில் எழுதி நானும் படம் எடுத்து அனுப்பினேன். அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தாயிற்று. அடிலெய்டுக்கும் ஊருக்கும் இடையே ஐந்து மணி நேரம் இருந்தது நாலரைகூட இல்லை, சரியாக நான்கு.

க்ளட்ச் செட் ஆர்டர் கொடுத்தேன். மூன்றும்.

ஏப்ரல் 9

நோட்டின் அடுத்த பக்கம்: "வர வேண்டாம். செலவு." அதற்குக் கீழே, வேறு பேனாவில்: "எப்போது வருகிறாய்?"

ஏப்ரல் 10, புதன்

டிக்கெட் எடுத்துவிட்டேன். அவள் அலிஸுக்கு விமானத்தில் போகிறாள், சாமான் லாரியில் போகும். அந்த ஏற்பாடுகளை எல்லாம் அவளே மதியத்துக்குள் முடித்துவிட்டாள். நான் டிரெய்லரின் விளக்கு வயரைச் சோதித்துக்கொண்டிருந்தேன், எதற்கென்று தெரியாமல்.

ஏப்ரல் 12, வெள்ளி

க்ளட்ச் செவ்வாய்தான் வருமாம். கியர்பாக்ஸை இறக்கி மாட்டிவிடுவதாகக் கிழவர் சொல்கிறார். ஹெட் வெடிக்கும் என்று சொன்ன அதே மனிதர். வாரம் ஒருமுறை கிராஃபர்ஸ்வரை ஓட்டிவரவும் தயார், அதில் அவருக்கு இருக்கும் ஆர்வம்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சாவியைக் கொடுத்தேன். திருகின் பூட்டு நட்டில் சிவப்பு வண்ணத்தால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன், யாராவது தொட்டால் தெரியும். சூட்டுமானிக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு: 650. அணைக்கும் முன் ஐடிலில் விடவும். அவர் அதைப் படிக்கப் போவதில்லை.

பெட்டி 23 கிலோ. அப்பாவுக்குக் காட்ட பழைய கேஸ்கட்டின் ஒரு துண்டு, துருப்பிடித்த அந்த ஸ்டட். விமான நிலையத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று