அடுத்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒரு பாடம்

ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அடுத்த கட்டிலருகே நிற்கும் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்கலாம். வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பவருக்கு அந்த வசதி இல்லை. நோயாளி வலியில் முனகுவார், குடும்பமே பராமரிப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். என்ன செய்வதென்று அவர் தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும். இல்லப் பராமரிப்பிலும், வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைக் கவனிக்கும் ஹாஸ்பிஸிலும் வேலை செய்பவர்களுக்குத் தொடர்கல்வி மற்ற எவரையும்விட அதிகம் தேவைப்படுவது இதனால்தான். ஆனால் அதைத் தொலைவிலிருந்து கொடுக்க முற்படும்போது இந்தத் தனிமையைத்தான் முதலில் மறந்துபோகிறார்கள். வகுப்பறையில் ஒரு மணி நேரம் நடத்திய பாடத்தை அப்படியே வீடியோவாக்கி அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

விதிகளும் மணிக்கணக்கில்தான் பேசுகின்றன. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதிப்படி, ஹாஸ்பிஸ் உதவியாளர் ஒவ்வொருவரும் 12 மாதத்துக்குள் குறைந்தது 12 மணி நேரம் பணியிடைப் பயிற்சி பெற வேண்டும். மணி நேரத்தை எண்ணுவது எளிது. வீடியோ ஒரு மூலையில் ஓட, ஊழியர் இன்னொரு மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தாலும் ஏட்டில் அது ஒரு மணி நேரம்தான். அந்த 12 மணி நேரத்தை 720 நிமிடம் என்று எடுத்துக்கொண்டு 52 வாரத்துக்குப் பிரித்துப் பாருங்கள். வாரத்துக்குக் கிட்டத்தட்ட 14 நிமிடம் வரும். அதாவது ஏழு நிமிடப் பாடம் இரண்டு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் முன் எங்காவது நிழலில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கலாம் என்று மட்டும் யாரும் ஆலோசனை சொல்ல வேண்டாம். அது விபத்தில் முடியும்.

ஏழு நிமிடத்தில் ஒரே ஒரு காரியம்தான் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். ‘படுக்கைப்புண்’ என்பது ஒரு பாடத்துக்கான தலைப்பு ஆகாது. ‘பக்கவாட்டில் 30 பாகை சாய்த்துப் படுக்க வைப்பது, தலையணையை எங்கே வைப்பது, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைப்பது எப்படி’ என்பதுதான் பாடம். அதைப் பார்த்த ஊழியர் அடுத்த வீட்டிலேயே செய்துபார்ப்பார். ‘தோல் பராமரிப்பின் அடிப்படைகள்’ என்று 40 ஸ்லைடு பார்த்தவருக்கு மறுநாள் கையில் எதுவும் மிஞ்சாது.

கோப்பின் அளவையும் கவனிக்க வேண்டும். எட்டு நிமிட வீடியோவை விநாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் சுருக்கினால் சுமார் 30 எம்பி வரும். அதே எட்டு நிமிடத்தை 32 கிலோபிட் மோனோ ஆடியோவாகக் கொடுத்தால் 2 எம்பிக்குள் அடங்கிவிடும். நோயாளி இருக்கும் பல வீடுகளில் சிக்னல் கிடைக்காது. அதனால் முந்தின இரவே இறக்கிவைத்துக்கொள்ளும்படி பாடம் இருக்க வேண்டும். கையசைவு காட்ட வேண்டிய பாடத்துக்கு வீடியோ, மற்றதற்கெல்லாம் ஆடியோவும் ஒரு படமும் போதும்.

பாடம் முடிந்த கையோடு ஐந்து கேள்வி கேட்டு 80 சதவீதம் எடுத்தவருக்குச் சான்றிதழ் கொடுப்பது பரவலான வழக்கம். அந்தத் தேர்வு காட்டுவதெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு முன் கேட்டது ஞாபகம் இருக்கிறதா என்பதை மட்டும்தான். மறதி எப்படி வேகமாக வருகிறது என்று ஹெர்மன் எபிங்காஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்தார். பாடத்தைத் திரும்பப் படிப்பதைவிட, இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வைப்பதுதான் நிலைக்கிறது. ஆகவே ஒரே கேள்வியை மறுநாள், 3-ஆம் நாள், 10-ஆம் நாள், 30-ஆம் நாள் என்று போனுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் நோயாளியின் வயதையும் சூழலையும் மாற்றுங்கள். பதிலைத் தட்டியதும் சரியா தவறா என்பதோடு, ஏன் என்பதும் இரண்டு வரியில் வர வேண்டும்.

எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்று கேட்டால், தயங்காமல் மில்லிகிராமும் மில்லிலிட்டரும் என்பேன். கடும் வலிக்குக் கொடுக்கும் ‘மார்பின்’ என்ற மருந்தின் வாய்வழித் திரவம் பல செறிவுகளில் வருகிறது. 5 மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள பாட்டிலில் 10 மில்லிகிராம் வேண்டுமென்றால் 5 மில்லி எடுக்க வேண்டும். மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள செறிவான பாட்டிலில் அதே 10 மில்லிகிராமுக்கு அரை மில்லி போதும். பாட்டில் மாறியது தெரியாமல் பழைய பழக்கத்தில் 5 மில்லி எடுத்துவிட்டால் உள்ளே போவது 100 மில்லிகிராம், அதாவது பத்து மடங்கு. மூச்சு நின்றுபோகும் அளவுக்கு ஆபத்தான தவறு இது. கவனக்குறைவானவர்கள்தான் செய்வார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். களைத்துப்போன நல்ல ஊழியரும் செய்யக்கூடிய தவறு இது.

இதற்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி உதவாது. இரண்டு லேபிள்களின் படத்தை அனுப்புங்கள். வாய்வழி சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, அளவுக்கோடு தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யார் அரை மில்லி எடுத்திருக்கிறார், யார் 5 மில்லி எடுத்திருக்கிறார் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதோடு ஒட்டியே இன்னொரு கணக்கும் வரட்டும்: நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 60 மில்லிகிராம். இடையில் திடீரென வலி எகிறினால் கொடுக்கும் மீட்பு அளவு வழக்கமாக அன்றாட மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கு வரை, அதாவது 6 முதல் 10 மில்லிகிராம். அளவை எழுதுவது டாக்டர்தான். ஆனால் எழுதியது இந்த வரம்புக்குள் இல்லையென்றால், கொடுப்பதற்கு முன் போன் செய்து கேட்க ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கைவேலை பற்றிய பாடங்களில் கேமராவை வைக்கும் இடத்தால் கெட்டுப்போனவை ஏராளம். சொல்லித்தருபவர் எதிரே நின்று செய்துகாட்டினால் பார்ப்பவருக்கு இடமும் வலமும் குழம்பும். போனின் முன்பக்கக் கேமரா திரையில் காட்டுவதோ கண்ணாடிப் பிம்பம். அதைப் பார்த்துக்கொண்டே செய்துகாட்டினால் குழப்பம் இரண்டு மடங்காகும். செய்துகாட்டுபவரின் தோளுக்கு மேலே, பின்புறமிருந்து, கைகளை நோக்கிப் போனைச் சாய்த்து வையுங்கள். பார்ப்பவர் தன் கையையே பார்ப்பதுபோல் இருக்க வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த வீடியோவில் தோலின் சிவப்பு தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

எவ்வளவு நல்ல வீடியோவானாலும் சில காரியங்களை முதல்முறையாக அதில் கற்றுத்தரக் கூடாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, தோலுக்கடியில் ஊசி பொருத்துவது, சிறுநீர்க் குழாய் போடுவது எல்லாம் அந்த வகை. நோயாளியின் எடை எப்போது தன் முதுகில் ஏறுகிறது என்பதைத் திரை சொல்லித்தராது. முதல்முறை ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். ஏற்கெனவே செய்யத் தெரிந்தவருக்கு ஆறு மாதம் கழித்து நினைவூட்டத்தான் வீடியோ. அமெரிக்க விதிப்படி ஹாஸ்பிஸ் உதவியாளரின் வேலையை நர்ஸ் ஒருவர் 14 நாளுக்கு ஒருமுறையாவது வீட்டுக்கே வந்து மேற்பார்வையிட வேண்டும். எங்கெல்லாம் இப்படி ஒரு மேற்பார்வை வருகை இருக்கிறதோ, அங்கெல்லாம் அந்த இரண்டு வாரத்தில் பார்த்த பாடத்தை அதே வருகையில் செய்துகாட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடலாம். தனியாக ஒரு தேர்வு நாள் வைக்கத் தேவையில்லை.

இனி, ஆட்கள் சேர்ந்து கற்பதைப் பற்றி. 2003-ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா ‘எக்கோ’ என்ற முறையைத் தொடங்கினார். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய் உள்ளவர்களைத் தூரத்து ஊர்களிலிருந்து தன்னிடம் வரவழைப்பதற்குப் பதிலாக, அந்த ஊர் மருத்துவர்களோடு வாரந்தோறும் வீடியோவில் பேசி, அவர்கள் கொண்டுவந்த நோயாளிகளின் விவரங்களை வைத்தே அவர்களைப் பயிற்றுவித்தார். ஊரிலேயே நடந்த சிகிச்சையின் பலன் பல்கலைக்கழக மருத்துவமனையின் பலனுக்குக் குறையவில்லை என்ற முடிவு 2011-ல் வெளியானது. வலி தணிப்புப் பராமரிப்புக்கு இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது. ஏனென்றால் இங்கே கேள்விகள் புத்தகத்திலிருந்து வருவதில்லை, நேற்றுப் போன வீட்டிலிருந்து வருகின்றன.

ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் போதும். விவரம் சொல்ல 5 நிமிடம், கேட்பவர்கள் தெளிவுக்காகக் கேட்க 10, ஆலோசனைக்கு 10, யார் என்ன செய்வது என்று எழுதிக்கொள்ள 5. இதில் அடிக்கடி சறுக்குவது ஆலோசனைப் பகுதியில்தான். நிபுணர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். அவர் கடைசியில் பேசட்டும். முதலில் இன்னொரு உதவியாளர், அப்புறம் நர்ஸ், அப்புறம் டாக்டர். விவரம் சொல்பவர் கடைசியில் ‘எனக்கு இன்று தெரிய வேண்டியது இது’ என்று ஒரே வாக்கியத்தில் முடிக்க வேண்டும். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் ஆலோசனை நாலா பக்கமும் சிதறிவிடும்.

பெயரை நீக்கினால் நோயாளியின் அடையாளம் மறைந்துவிடாது. சின்ன ஊரில் ‘ஓய்வுபெற்ற தபால்காரர், தொண்டைப் புற்றுநோய்’ என்றாலே எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். தொழிலையும் ஊரையும் மாற்றுங்கள், வயதைப் பத்தாண்டுக் கணக்கில் சொல்லுங்கள். புண்ணின் படம் எடுத்தால் குடும்பத்தின் அனுமதியோடு, பக்கத்தில் அளவுகோல் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்திலிருந்து, முகமோ அறையோ தெரியாமல் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படம் தானாகவே போனின் கேலரியில் பதிந்து, ஊழியரின் பிள்ளைகள் கையில் போய்விடுகிறது. அந்த அமைப்பை அணைத்துவைப்பது எப்படி என்பதுதான் பயிற்சியின் முதல் நாள் பாடமாக இருக்க வேண்டும். வகுப்பு தொடங்கும்போது ‘உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?’ என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். நோயாளியின் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவராவது இருப்பார். இன்னொரு நோயாளியின் சாவைப் பற்றிய பேச்சு இந்த நோயாளியின் காதில் விழக் கூடாது.

பேச முடியாத நோயாளிகளின் வலியைக் கண்டறிய ஊழியர்களுக்குச் சொல்லித்தருவது தொலைக்கல்வியில் நன்றாகவே நடக்கும். டிமென்ஷியா என்ற மறதிநோய் முற்றியவர்களின் வலியை மதிப்பிடும் பெய்னாட் அளவுகோலில் ஐந்து அம்சங்கள் உண்டு: மூச்சு, முனகல், முகபாவம், உடல் அசைவு, சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. நடிகர் ஒருவரை வைத்து எடுத்த ஒரு நிமிட வீடியோவை எல்லோரும் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போடட்டும். பிறகு எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் திரையில் காட்டுங்கள். ஒருவர் 3, இன்னொருவர் 7 என்று போட்டிருப்பார்கள். அந்த இடைவெளியைப் பற்றிய பேச்சில்தான் கண் பழகும்.

சாவு நெருங்கும்போது தொண்டையில் கேட்கும் கரகரப்பை எழுத்தில் விளக்கிப் பயனில்லை. ஒலிப்பதிவைக் கேட்க வையுங்கள். முதல்முறை அதை நோயாளியின் மகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்கும் ஊழியர் தானே பயந்துபோவார். முன்பே கேட்டுப் பழகியவர் நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைப்பார். ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்ச முயல மாட்டார். விழுங்கவோ இருமவோ தெம்பில்லாததால் எச்சில் அங்கே தேங்கி நிற்கிறது, கேட்பவருக்கு இருக்கும் அவஸ்தை அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்று மகளிடம் நிதானமாகச் சொல்லவும் முடியும்.

கெட்ட செய்தி சொல்லும் பயிற்சிக்கு மூன்று பேர் கொண்ட சிறு குழு வேண்டும்: சொல்பவர், கேட்பவர், கவனிப்பவர். ஏழு நிமிடம் ஆனதும் இடம் மாறிக்கொள்ளட்டும். இணையத்தில் குரல் தாமதமாக வருவதால் மௌனம் வந்தாலே ‘ஹலோ, கேட்குதா?’ என்று குறுக்கிடுவார்கள். மௌனம்தான் இங்கே பாடமே. அதனால் இதைச் சாதாரண போன் காலில் செய்வது நல்லது, கேமரா தேவையில்லை. இந்த வகுப்பைப் பதிவு செய்யவே கூடாது. முடிந்ததும் பத்து நிமிடம் யாரும் கிளம்பாமல் இருக்கட்டும். அண்மையில் தன் வீட்டிலேயே ஒருவரைப் பறிகொடுத்தவர் குழுவில் இருக்கலாம். பாதியில் இணைப்பைத் துண்டித்துக்கொண்டவருக்கு அன்றைக்கே ஒரு போன், மறுநாள் இன்னொரு போன் போக வேண்டும். யார் பேசுவது என்று வகுப்புக்கு முன்பே தீர்மானித்துவைத்திருக்க வேண்டும்.

படிக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட்டுச் சம்பளத்தோடு வர வேண்டும். அப்படி வராத இடத்தில் பாடம் இரவு பதினொரு மணிக்குத்தான் திறக்கப்படுகிறது. அந்த நேரத்துக் களைப்பை ஆர்வமின்மை என்று சொல்வது அநியாயம்.

பாடம் பலித்ததா என்று பார்க்க மதிப்பெண் பட்டியலை விட்டுவிட்டு நோயாளிக் குறிப்பேட்டை எடுங்கள். மார்பின் கொடுக்கும்போது முதலில் வரும் குமட்டலும் தூக்கமும் சில நாளில் பெரும்பாலும் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகுவதே இல்லை. அதனால்தான் மார்பின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்குகிறார்கள். இதைப் பற்றிய பாடம் போய் 30 நாள் ஆனதும், மார்பின் எடுக்கும் பத்து நோயாளிகளின் குறிப்புகளைப் புரட்டுங்கள். கடைசியாக மலம் கழித்த தேதி எத்தனை குறிப்புகளில் இருக்கிறது என்று எண்ணுங்கள். பாடத்துக்கு முன் மூன்றாக இருந்தது இப்போதும் மூன்றுதான் என்றால், ஊழியர்களைக் கூப்பிட்டுக் கண்டிப்பதற்கு முன் குறிப்பேட்டில் அதை எழுதுவதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அந்தக் கட்டமே இருக்காது.