பரணில் கிடந்ததை ஆன்லைனில் விற்ற கதை

பழைய வண்ணாரப்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு மாதவரத்தில் ஒரு ஃபிளாட்டுக்குப் போவது என்று முடிவானதும் முதல் தலைவலி சாமான்தான். தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அப்பா ஒரு ஆணியைக்கூடத் தூக்கிப் போடாதவர். இரண்டு தலைமுறை சேர்த்ததெல்லாம் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் மொட்டைமாடிக் கொட்டகையிலும் அடைந்து கிடந்தது. காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் வீடு காலி. ஆனால் அவருக்கு எல்லாமே கிலோ கணக்கு. கேமராவையும் தராசில் போடுவார். அதனால் ஆன்லைனில் விற்றுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாளிலேயே ஒன்று புரிந்தது. தூக்க ஆள் தேவைப்படும் சாமானை நம் ஏரியாவுக்குள்தான் விற்க முடியும். கையில் கொண்டுபோகக்கூடிய சாமானுக்கு எந்த ஊரிலிருந்தும் ஆள் வரும். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், அக்கம்பக்கத்து வாட்ஸ்அப் குழு. காசு, கேமரா, இசைத்தட்டு என்றால் அதைச் சேகரிப்பவர்கள் கூடும் ஃபேஸ்புக் குழுக்கள். முன்பு இந்த மாதிரிப் பொருளுக்கு ஈபே இந்தியத் தளம் இருந்தது, 2018இல் மூடிவிட்டார்கள்.

பீரோ விளம்பரத்தில் விலையைவிட முக்கியம், அது எந்த மாடியில் இருக்கிறது என்பது. எங்கள் மாடிப்படி இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். அதனால் உயரம், அகலம், முதல் மாடி, லிஃப்ட் கிடையாது, இறக்கும் கூலி வாங்குபவர் பொறுப்பு என்று எல்லாவற்றையும் எழுதினேன். துரு ஏறிய கால், ஒடுங்கிய கதவு, இரண்டையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டேன். வந்து பார்த்துவிட்டு "படத்துல இது தெரியலையே" என்று விலையைக் குறைக்க யாருக்கும் வழி இருக்கவில்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி வந்து, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மார்க்கெட்பிளேஸில் "இது இருக்கிறதா?" என்று வரும் செய்திகளுக்கு ஆரம்பத்தில் பொறுப்பாகப் பதில் எழுதினேன். அது ஒரு பொத்தானைத் தட்டினால் தானாகவே போகிற செய்தி. பாதிப் பேருக்குத் தட்டியதே ஞாபகம் இருக்காது. இருக்கிறது என்று சொன்ன பிறகு இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்பவர்தான் வாங்க வருபவர். அந்தக் கேள்வி பெரும்பாலும் "லாஸ்ட் எவ்ளோ?" என்பதுதான். பொருளைப் பார்க்காமலே லாஸ்ட் கேட்பவரிடம், நேரில் வாங்க, பேசிக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கனமான சாமான் ஏரியாவைத் தாண்டாது என்று நான் சொன்ன கணக்கைப் பொய்யாக்கியது ஆட்டுக்கல். இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆள் வராது என்று அம்மாவே சொன்னார். செங்குன்றம் பக்கம் தோட்ட வீடு கட்டுகிற ஒருவர், வாசலில் அழகுக்கு வைக்க வேண்டும் என்று குட்டி யானை வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். கல்லுக்குக் கொடுத்த காசைவிட வண்டி வாடகை அதிகம். "இதுல மாவு ஆட்ட மாட்டாங்களா?" என்று அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை.

மோசடிக்காரர்களும் வந்தார்கள். கிரைண்டருக்கு விளம்பரம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் இந்தியில் பேசினார். ராணுவத்தில் இருக்கிறாராம், சென்னைக்கு மாற்றலாகி வருகிறாராம், பேரம் பேசாமல் முழுப் பணத்தையும் இப்போதே அனுப்புகிறாராம். சீருடையில் எடுத்த அடையாள அட்டைப் படமும் வந்தது. அடுத்து ஒரு கியூஆர் கோடு: இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கில் விழும் என்றார். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் நம் பணம்தான் போகும். பழைய கிரைண்டரைப் பேரம் பேசாமல் வாங்கும் மனிதர் வட சென்னையில் மட்டுமில்லை, எங்கேயும் கிடையாது. ரொக்கத்தோடு நேரில் வரச் சொன்னேன், எண் காணாமல் போனது. இப்படி யாராவது பணத்தை விட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்துப் புகார் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு. இன்னொரு ரகம், பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் காட்டுவது. வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்க்காமல் நான் எதையும் வாசல் தாண்ட விடவில்லை.

கேமரா விற்றதுதான் எனக்குப் பிடித்த அனுபவம். பர்மா பஜாரில் அப்பா வாங்கிய யாஷிகா எலக்ட்ரோ 35. ஃபிலிமே கிடைக்காத காலத்தில் யார் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தபடிதான் படம் போட்டேன். அன்று இரவே செய்திகள் குவிந்துவிட்டன, எல்லாம் கல்லூரி வயதுப் பிள்ளைகள். கேட்ட கேள்விகளும் வேறு மாதிரி. லென்ஸில் பூஞ்சை இருக்கா அண்ணா? பேட்டரி அறையில் பச்சை படிந்திருக்கா? கடல் காற்று அடிக்கிற ஏரியாவில் லென்ஸுக்குள் பூஞ்சை வருவது சகஜம். டார்ச் அடித்துப் பார்த்தேன், ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி கொஞ்சம் இருந்தது. அதையும் படம் எடுத்து அனுப்பினேன்.

வாங்க வந்த பையனை வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலுக்கு வரச் சொன்னேன். சின்னப் பொருளுக்கு அந்த இடம்தான் வசதி, ஆள் நடமாட்டமும் உண்டு, கண்காணிப்புக் கேமராவும் உண்டு. அவன் கேமராவைக் காதருகே வைத்து லீவரைத் திருகினான். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். முகம் மலர்ந்துவிட்டது. இந்த மாடலில் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு உண்டாம், அது உளுத்துப்போனால் இந்தச் சத்தம் வராது, வெளிச்சக் கணக்கு தப்பாகிவிடும் என்றான். இதற்கான பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை, வேறு பேட்டரியை அடாப்டர் வைத்துப் போடலாம் என்பதும் அவன் சொல்லித்தான் தெரிந்தது. அப்பா இத்தனை வருடம் வைத்திருந்த பொருளைப் பற்றி அந்தப் பையனுக்குத்தான் அதிகம் தெரிந்திருந்தது. கேட்ட விலையில் கொஞ்சம் நானாகவே குறைத்தேன்.

அடுத்தது பாட்டியின் தகர டப்பாவில் இருந்த வெள்ளி ரூபாய்கள். அம்மா புளி போட்டுத் தேய்க்க எடுத்துவிட்டார், நல்லவேளை பார்த்துவிட்டேன். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பவர்கள் தொட மாட்டார்கள். கருப்பு ஏறியிருந்தால் அப்படியே விடுவதுதான் நல்லது.

விலை பேசுவதற்கு முன் அடிமட்டக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940இலிருந்து 1945 வரை வந்தவற்றில் வெள்ளி பாதிதான். 1947 ரூபாய் வெறும் நிக்கல், பின்பக்கம் புலி இருக்கும், காந்தத்தில் ஒட்டும். காசில் இருக்கும் வெள்ளியின் எடையை விற்கிற நாளின் வெள்ளி விலையோடு பெருக்கிப் பார்த்தால் குறைந்தபட்சம் எவ்வளவு என்று வந்துவிடும். சௌகார்பேட்டை வெள்ளிக் கடைகளில் காட்டினால் எடைக்குத்தான் விலை. அதற்கு மேல் கொடுப்பது வருடத்தைப் பார்த்து வாங்குபவர்கள்.

ஃபேஸ்புக் குழு வழியாக வந்த பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "தம்பி, 1911 ஒண்ணும் இல்லையா?" என்றார். அந்த வருடக் காசில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் யானை பார்க்கப் பன்றி போல இருக்கிறது என்று முஸ்லிம்களிடையே எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடமே உருவத்தை மாற்றிவிட்டார்கள். அதனால் 1911க்குக் கிராக்கி. எங்களிடம் இருந்ததெல்லாம் 1912க்குப் பிறகு வந்த சாதாரண வருடங்கள். வெள்ளி விலைக்கு மேல் சுமாராகக் கொடுத்து எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் அத்தை ஒரு வீடியோ அனுப்பினார். வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாம். அதெல்லாம் முதலில் பதிவுக் கட்டணம், வரி என்று நம்மிடம் கறக்கும் வேலை. ரிசர்வ் வங்கியே 2021இல் தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அறிக்கை விட்டது. அத்தை இன்னும் அந்தக் காசைப் பத்திரமாக வைத்திருக்கிறார், அது வேறு விஷயம்.

வெளிநாட்டிலிருந்தும் ஒருவர் காசுகளைக் கேட்டார், நல்ல விலை சொன்னார். முடியாது என்றேன். 1972ஆம் வருடச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள் கணக்கில் வந்துவிடும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பழைய வெண்கல விளக்குக்கும் இதே கதைதான்.

இசைத்தட்டுகளைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்தார். தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வைத்து அனுப்பச் சொன்னார், இல்லாவிட்டால் வழியில் குலுங்கி உறையின் ஓரம் கிழிந்துவிடுமாம். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டி, கட்டுவதை வீடியோ எடுத்துவைத்துக்கொண்டு ஸ்பீட் போஸ்ட்டில் போட்டேன். பித்தளை அண்டா, குண்டான்களை ஆன்லைனில் போட்டதில் பிரயோஜனமில்லை. கேட்டவர்கள் சொன்ன விலையும் பாத்திரக் கடையின் கிலோ விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், கடையிலேயே போட்டுவிட்டேன்.

விற்றதும் விளம்பரத்தை எடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டதை மட்டும் முழுசாக எடுக்க வழியில்லை, யாரோ எங்கேயோ ஃபார்வர்டு செய்துகொண்டே இருக்கிறார்கள். போன வாரம்கூட எண்ணூரிலிருந்து ஒரு அக்கா கிரைண்டருக்குக் கூப்பிட்டார். வித்துப் போச்சுக்கா என்றேன். "அப்போ மிக்சி இருக்கா?" என்றார்.