புலால் விட்ட நாட்கள்

12 பிப்ரவரி 2025, பௌர்ணமி

இன்று முதல் இறைச்சி இல்லை. மீனும் இல்லை. காலையில் ஐந்து சீலங்களை, அதாவது பௌத்தர்கள் ஏற்கும் ஐந்து ஒழுக்க உறுதிகளை, எடுத்துக்கொண்ட கையோடு இதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

புலால் விட்டால்தான் பௌத்தன் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. பாளி நூல்களைப் பின்பற்றும் பழைய பௌத்த மரபான தேரவாதத்தில் அப்படிக் கட்டாயமும் கிடையாது. ஆனால் உயிர்க்கொலையிலிருந்து விலகியிருப்பேன் என்று பாளியில் சொல்லி முடித்து, கொஞ்ச நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு இறைச்சி வாங்கக் கிளம்புவது ரொம்ப நாளாகவே நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. கொன்றது நான் இல்லையே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். உறுத்தல் போகவில்லை.

16 பிப்ரவரி

சாயங்காலம் மாடி வீட்டில் சமையல். வெங்காயம் வதங்கி, அதில் இறைச்சி விழுந்து, நீர் சுண்டுகிற வாசம் ஜன்னல் வழியே வந்தது. தியானத்துக்கு உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஜன்னலைச் சாத்தாமல் அப்படியே கவனித்தேன். முதலில் மூக்கில் வாசம். உடனே ஓர் இதம். அப்புறம் நாக்கின் அடியில் நீர் ஊறியது. அதற்கும் அப்புறம்தான் ‘வேண்டும்’ என்ற நினைப்பு எழுந்தது.

ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் துன்பம் எழுவதைச் சொல்லும் பௌத்தப் போதனையான சார்பின் தோற்றத்தில் ஊறு (புலனில் படுவது), நுகர்வு (அதை இதமாகவோ வேதனையாகவோ உணர்வது), வேட்கை என்று வரிசையாக வருமே, அதை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சின்ன இடைவெளிதான், ஆனால் இருக்கிறது. விரும்பியதைத் தட்டில் போட்டுச் சாப்பிட்ட காலமெல்லாம் அது கண்ணில் படவே இல்லை.

20 பிப்ரவரி

தியானக் குழுவில் ஒரு நண்பர் கேட்டார்: “புத்தரே இறைச்சி வேண்டாம் என்று சொல்லவில்லையே, நீங்கள் ஏன் விடுகிறீர்கள்?” நியாயமான கேள்வி. இரவு உட்கார்ந்து ஜீவக சுத்தத்தை மறுபடி படித்தேன். சுத்தம் என்றால் புத்தரின் உரை. பாளித் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் 55ஆவது. மருத்துவர் ஜீவகர் இதே விஷயத்தைத்தான் புத்தரிடம் கேட்கிறார். தனக்காகக் கொன்றதைப் பார்த்திருந்தாலோ, கேள்விப்பட்டிருந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ பிக்கு அந்த இறைச்சியை உண்ணக் கூடாது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் உண்ணலாம் என்பது பதில். புத்தரோடு முரண்பட்ட பிக்குவான தேவதத்தன் முன்வைத்த ஐந்து கோரிக்கைகளில், பிக்குகள் மீனும் இறைச்சியும் உண்ணவே கூடாது என்பதும் ஒன்று. அதைக் கட்டாயமாக்க புத்தர் சம்மதிக்கவில்லை.

இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விதி யாருக்கானது? பாத்திரம் ஏந்தி வீடு வீடாக நிற்பவருக்கு. ஏழை வீட்டில் என்ன வெந்ததோ அதில் ஒரு கை விழும். இது வேண்டும், அது வேண்டாம் என்று அவர் சொல்லத் தொடங்கினால் பிச்சை பிச்சையாக இருக்காது. நான் பாத்திரம் ஏந்தவில்லை. பணத்தோடு போய், விரலை நீட்டி, இந்தத் துண்டு வேண்டும் என்று கேட்கிறவன். வாங்கிக்கொள்பவருக்கு வகுத்த விதிக்குள் தேர்ந்தெடுப்பவன் போய் ஒதுங்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே சுத்தத்தின் கடைசியில் இன்னொரு பகுதி இருக்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் அதுவரை போவதில்லை. புத்தருக்காகவோ அவர் சீடருக்காகவோ ஓர் உயிரைக் கொல்பவன் ஐந்து வகையில் தீவினை சேர்க்கிறான் என்று வருகிறது. போய் அந்த விலங்கைக் கொண்டு வா என்று சொல்வதே முதலாவது. கழுத்தில் கயிறு கட்டி இழுத்து வரும்போது அது படும் வேதனை இரண்டாவது. கத்தி இன்னும் பக்கத்தில்கூட வரவில்லை. கயிறு இழுபடும்போதே கணக்கு தொடங்கிவிடுகிறது.

2 மார்ச்

அத்தை வீட்டில் சாப்பாடு. விட்டுவிட்டேன் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். இருந்தும் அடுப்பில் இறைச்சி கொதித்தது. “உனக்காகத்தாம்ப்பா வாங்கிட்டு வரச் சொன்னேன். ஒரு நாள்தானே?” என்றார்.

அவர் அன்பில் சொன்னது, விதியில் இருக்கும் அதே தடை: எனக்காக. இங்கே பிக்குவாக இருந்தாலும் யோசிக்க வேண்டியிருக்கும். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “மத்ததெல்லாம் ரெண்டு தடவை போட்டுக்கறேன் அத்தை” என்றேன். முகம் சுருங்கியது. விளக்கம் எதுவும் சொல்லாமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவரே பழைய கதைகளைப் பேச ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்குத் தர்மம் போதிப்பதைவிட அவர் சமைத்த மற்றதை ரசித்துச் சாப்பிடுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

9 மார்ச்

இன்னொரு பாளித் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வணிகங்கள் வருகின்றன: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு. நான் இறைச்சி விற்கக் கூடாது, சரி. அப்படியானால் எனக்கு விற்பவர் யார்? என் சீலம் சுத்தமாக இருக்க இன்னொருவர் அந்தத் தொழிலைச் செய்துகொண்டே இருக்க வேண்டுமா? தின்பதற்காகக் கொல்லாத உலகம் இருந்தால் விலைக்கு ஊன் தருபவரும் இருக்கமாட்டார் என்று வள்ளுவர் கேட்ட இடமும் இதுதான். கடையில் கத்தி பிடித்து நிற்பவர் மேல் எனக்குத் துளிகூடக் குறை இல்லை. அந்தக் கத்தி எழும்பியதில் என் காசுக்கும் பங்கு உண்டு.

மணிமேகலையில் சாதுவன் கதையும் நினைவுக்கு வந்தது. கப்பல் உடைந்து நாகர் மலையில் கரையேறியவன், அவர்கள் மொழியிலேயே கொலையின் தீமையைச் சொல்கிறான். இதெல்லாம் விட்டால் நாங்கள் எப்படி வாழ்வது என்று தலைவன் கேட்கிறான். மூத்துத் தானாக இறந்த விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே, கரை ஒதுங்கும் மனிதரைக் காப்பாற்று என்பது சாதுவனின் பதில். நரமாமிசம் தின்ற கூட்டத்திடம் எல்லாவற்றையும் இன்றே விடு என்று அவன் சொல்லவில்லை. எடுத்து வைக்க முடிந்த அடியை மட்டும் காட்டினான். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

27 மார்ச்

உடம்பைப் பற்றி. பயறு, பருப்பு, கீரை, பால் என்று சாப்பாடு ஓடுகிறது. பருப்போடு எலுமிச்சை பிழிந்துகொள்கிறேன், இரும்புச் சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். பி12 செடிகளில் நம்பும்படி கிடைக்காது, அதைத் தயாரிப்பவை நுண்ணுயிர்கள். பால் கொஞ்சம் தரும். போதாமல் போகக் கூடாதே என்று மருத்துவரிடம் கேட்டு கூடு மாத்திரை (கேப்ஸ்யூல்) வாங்கினேன். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஜெலட்டின்’ என்று இருந்தது. விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. மருந்துக்கடையில் கேட்டதும் கூடில்லாத மாத்திரை வடிவில் வேறொன்றைக் கொடுத்தார்கள்.

13 ஏப்ரல்

குழுவில் இன்று வாக்குவாதம். பௌத்தத்தின் இன்னொரு பெரும் பிரிவான மகாயானத்தில் லங்காவதார சூத்திரம் புலாலை வெளிப்படையாகக் கண்டிக்கிறது என்று ஒருவர். சீனத் துறவிகள் புலால் விட்டதற்கு 6ஆம் நூற்றாண்டில் லியாங் வம்சத்துப் பேரரசர் வூவின் ஆணையும் ஒரு காரணம் என்று இன்னொருவர். ஜப்பானில் 1872இல் துறவிகள் புலால் உண்ணலாம் என்று அரசே அறிவித்தது, திபெத்தின் குளிர்மேட்டில் காய்கறியே அரிது என்று மறுபக்கம். தலாய் லாமாவே 1960களில் புலாலை விட்டு, மஞ்சள் காமாலை வந்து, மருத்துவர்கள் சொல்லித் திரும்பத் தொடங்கியவர்.

எல்லாம் உண்மைதான். ஆனால் பேசப் பேசக் குரல்கள் ஏறின. எங்கள் குழுவில் இறைச்சி உண்ணும் ஓர் அக்கா இருக்கிறார். நோயாளி யாராவது இருந்தால் முதலில் போய் நிற்பவர். இன்று கடைசிவரை பேசாமல் இருந்தவரும் அவர்தான். என் தட்டைப் பார்த்து நான் அவரைவிட ஒரு படி மேலே என்று ஒரு நொடி நினைத்தாலும் இந்த விரதம் மானத்தை, அதாவது செருக்கை, வளர்க்கும் தீனியாகிவிடும். எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கும் மைத்ரி தியானத்தில் இனி அந்த விலங்குகளோடு, அவற்றை உண்பவர்களையும் சேர்த்தே நினைக்கப்போகிறேன்.

12 மே, வைசாகப் பௌர்ணமி

ஆசை அநேகமாக அடங்கிவிட்டது. இப்போது பாக்கி இருப்பது பூனை. எங்கிருந்தோ வந்து வீட்டோடு ஒட்டிக்கொண்டது. பூனைக்குப் புலால் இல்லாமல் ஆகாது. டாரின் என்ற சத்து போதாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். அதற்குப் பருப்பும் பாலும் வைத்து என் சீலத்தைக் காப்பாற்றினால், கண் முன்னால் இருக்கும் உயிரை நான் வதைக்கிறேன். அதனால் மீன் வாங்குகிறேன். அந்த மீனுக்கும் உயிர் இருந்தது என்பதை மறைத்துக்கொள்ளாமல்தான் வாங்குகிறேன். இதற்கு சுத்தங்களில் நேரடியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பூனை இருக்கும்வரை அதற்கு வேண்டியதைக் கொடுப்பேன், இதற்குப் பிறகு நானாகப் போய் இன்னொரு பூனையைக் கொண்டுவரமாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன்.