போஸ்மனில் பாதியில் நின்ற பனிச்சறுக்கு

மார்ச் 10, 2020
நாளை முதல் நான்கு நாள், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் பனிச்சறுக்கு சாம்பியன்ஷிப் எங்கள் ஊரான போஸ்மனில். நடத்துவது மான்டானா ஸ்டேட் பல்கலைக்கழகம். 1954-இல் தொடங்கிய போட்டி இது. முதல் பட்டம் டென்வர் பல்கலைக்கழகத்துக்கு. 1983 முதல் ஆண், பெண் இரு அணிகளின் புள்ளிகளையும் கூட்டி ஒரே கோப்பை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். ஒரு கல்லூரிக்கு அதிகபட்சம் 12 பேர். மலைச்சரிவில் இறங்கும் ஆல்பைனுக்கு ஆண்கள் 3, பெண்கள் 3. மேடும் பள்ளமுமான காட்டுப்பாதையில் ஓடும் நார்டிக்குக்கும் அப்படியே. ஒருவர் விழுந்தால் ஈடுகட்ட நான்காவது ஆள் கிடையாது.

மார்ச் 11
பிரிட்ஜர் பவுல் மலைச்சரிவில் ஜயன்ட் ஸ்லாலம், அதாவது கொடிக்கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஆல்பைன் பந்தயம். இரண்டு முறை இறங்க வேண்டும், இரண்டு நேரத்தையும் கூட்டுவார்கள். முதல் முறை பறந்து வந்தவர் இரண்டாம் முறை ஒரு கொடிக்கம்பத்தைத் தவறவிட்டால் கதை முடிந்தது.
உலக சுகாதார நிறுவனம் இன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்துவிட்டது. இரவில் என்.பி.ஏ. கூடைப்பந்தும் நின்றுவிட்டது. மனசு சரியில்லை.

மார்ச் 12
காலையில் கிராஸ்கட் பனிச்சறுக்கு மையத்தில் நார்டிக் கிளாசிக். பனியில் வெட்டிய இரட்டைத் தடத்திலேயே ஓட வேண்டும். பலகையின் நடுவில் பூசும் மெழுகுதான் மேட்டில் பிடிப்புத் தரும். குறைந்தால் கால் பின்னால் வழுக்கும், கூடினால் சரிவில் வேகம் போகும். வெயில் ஏறினால் கணக்கே மாறிவிடும். ஓடுகிறவர்களுக்குச் சமமாக மெழுகு பூசுகிறவர்களையும் பாராட்ட வேண்டும்.
பிற்பகலில் அறிவிப்பு வந்தது: எஞ்சிய குளிர்கால, வசந்தகாலச் சாம்பியன்ஷிப்கள் அனைத்தும் ரத்து. நாளைய ஸ்லாலம் (கம்பங்கள் இன்னும் நெருக்கமான ஆல்பைன் பந்தயம்) இல்லை, சனிக்கிழமை ஃப்ரீஸ்டைலும் (தடத்துக்குள் நிற்காமல் ஓடும் நார்டிக்) இல்லை. அப்போது முன்னிலையில் இருந்தது யூட்டா பல்கலைக்கழக அணி.

மார்ச் 14
பட்டம் யாருக்கும் இல்லை. அது சரிதான் என்று நினைக்கிறேன். நான்கு வகைப் பந்தயமும் ஓடி முடித்தால்தானே அது அணிப் பட்டம்? ஊரைக் காக்கப் போட்டியை நிறுத்தியதும் நியாயம். ஆனால் இறுதியாண்டு மாணவர்களை நினைத்தால் ஆறவில்லை. புதனும் வியாழனும் ஓடியதுதான் தங்கள் கடைசிக் கல்லூரிப் பந்தயம் என்று ஓடும்போது அவர்களுக்குத் தெரியாது.

மார்ச் 30
வசந்தகால விளையாட்டு வீரர்களுக்குக் கூடுதலாக ஒரு பருவம் ஆடும் தகுதியை என்.சி.ஏ.ஏ. கொடுத்திருக்கிறது. குளிர்கால விளையாட்டுகளுக்கு இல்லை. வசந்தகால அணிகள் பருவத்தையே இழந்தன, உண்மைதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்க ஓடியது அந்த நான்கு நாளுக்குத் தகுதி பெறத்தானே? போஸ்மனுக்கு வந்த இறுதியாண்டு மாணவர்களுக்காவது இன்னொரு பருவம் கொடுத்திருக்க வேண்டும்.