அப்பாவின் பாதமலை

இலங்கையின் சிவனொளிபாத மலை உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவையாக ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். அப்பாவின் கணக்கு மூன்றில் நின்று போயிருந்தது. நான்காவதுக்காகத்தான் நீலகிரிக் கூடலூரிலிருந்து கிளம்பினோம்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் அவர். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அந்தக் கணக்கில் தாத்தா குடும்பமும் விழுந்தது. 1972-ல், 17 வயதில், ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம். பிறகு நீலகிரியில் டேன்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டம். அதே கொழுந்து, அதே அட்டைக்கடி. "சொந்த நாட்டுக்குப் போறீங்க" என்று சொல்லி அனுப்பினார்களாம். வந்த இடத்தில் இன்றுவரை எங்களுக்குப் பெயர் சிலோன்காரங்க.

மஸ்கெலியா போகும் வழியில் மவுசாகலை நீர்த்தேக்கம். 1960-களில் அணை கட்டியபோது பழைய டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். நாங்கள் போனது மாசி மாதம், தெரிந்தது. அப்பா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெடித்துக் கிடந்த சேற்றில் விறுவிறுவென இறங்கினார். வீட்டில் மாடிப்படிக்கே முனகுகிற மனுஷன்!

"எங்க தோட்டத்துக் காவடி இங்கதான் வந்து இறங்கும் புள்ள."

கூரை இல்லை, சாமியும் இல்லை. பாசி காய்ந்த கல் மட்டும்தான். அதன்மேல் கற்பூரம் வைத்தார். காற்று விடவில்லை. உள்ளங்கை இரண்டையும் குவித்து மறைத்து, அது எரிந்து முடிகிறவரை குந்தியே இருந்தார். விரல் சுட்டிருக்கும், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

அன்று இரவே மலையடிவாரத்து நல்லதண்ணி ஊரிலிருந்து ஏறினோம். 5,000 படிக்கு மேல். நமக்குச் சிவன் பாதம், சிங்களவருக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். ஏறும்போது மூச்சு வாங்குவது எல்லாருக்கும் ஒன்றுதான். முன்னால் போன சிங்களப் பாட்டிகள் "கருணாவய்" என்று இழுத்துப் பாட, அப்பாவின் வாயும் தானாகச் சேர்ந்துகொண்டது. வீட்டில் அவர் ஒரு சிங்களச் சொல் பேசி நான் கேட்டதில்லை.

பாதி வழியைத் தாண்டியதும் முழங்கால் கைவிட்டது. ஒரு தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "நீ போயிட்டு வா. நான் எங்க போகப் போறேன்?"

விடியலில் உச்சியை அடைந்தேன். மேற்கே மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தில் விழுந்து கிடந்தது. பாதத்தைக் கும்பிட்டுவிட்டு மணிக்கயிற்றைப் பிடித்தேன். என் கணக்கு ஒன்று. அடித்தேன். அப்பாவுக்காக நாலு அடிக்கலாமா என்று கை தயங்கியது. பின்னால் வரிசை நின்றது, விட்டுவிட்டேன்.

இறங்கி வந்ததும் அவர் கேட்டது மணியைப் பற்றி அல்ல.

"மேல இருந்து பாத்தியா? கோயில் தெரிஞ்சுதா?"

"தண்ணிதாம்பா தெரிஞ்சுது."

"ம்." டீக்குக் காசு எடுத்து வைத்தார். "மழை விழுந்தா அதுவும் உள்ள போயிரும்."